பதினாலாம் அறை வாசலில் ஒரு சோடிச் செருப்பு

பெண்கள் விடுதியில் நான் பார்த்தது சப் வோடன், அதாவது துணைக் காப்பாளர் வேலை. பெரிய வோடன் ஒரு விரிவுரையாளர். அவருக்குச் சொந்த வீடு இருந்தது, கணவர் இருந்தார், வாரத்தில் ஒருநாள் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். நான் அங்கேயே கிடந்தேன். கேற்றடியில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு அலுமாரி, நூற்று அறுபது பிள்ளைகள். கடைசியில் சொன்னதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது பல நேரம் எனக்கு மறந்துபோகும்.

அந்த வேலையில் நான் கண்டுபிடித்த ஒரு கெட்டித்தனம் ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதனால்தான் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டு இதை எழுத முடிகிறது.

முதலில் எல்லாரையும்போல நானும் கையெழுத்துக் கொப்பியைத்தான் நம்பினேன். மாலை ஆறரைக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். ஒருநாள் ஏழு மணிபோல ஒரு பிள்ளை வவுனியா பஸ் நிலையத்திலிருந்து போன் எடுத்தாள். பஸ்ஸை விட்டுவிட்டாளாம், வர நேரமாகுமாம், கோவிக்கக் கூடாதாம். கொப்பியைத் திறந்து பார்த்தேன். அன்றைய திகதிக்கு நேரே அவளுடைய கையெழுத்து அழகாக, கீழே கோடு இழுத்து, இருந்தது. அவளுக்காகப் போட்ட தோழி அவளைவிட வடிவாகவே போட்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் என் மூளை வேலை செய்தது. எங்கள் பிள்ளைகள் அறைக்குள் செருப்போடு போகமாட்டார்கள். வெளியே போட்டுத் திரிகிற செருப்பு அறை வாசலில் கிடக்கும். பாத்றூமுக்குப் போடுகிற றப்பர் செருப்பு உள்ளே கட்டிலுக்குக் கீழே இருக்கும். ஒரு அறைக்கு நாலு பேர். வாசலில் நாலு சோடி கிடந்தால் நாலு பேரும் உள்ளே. மூன்று கிடந்தால் ஒருத்தி வெளியே. கொப்பி பொய் சொல்லும், செருப்பு சொல்லாது. ஆறரைக்கு மூன்று மாடியும் ஒரு சுற்றுப் போனால் போதும். ஒரு கதவையும் தட்டத் தேவையில்லை, ஒரு பிள்ளையோடும் கதைக்கத் தேவையில்லை.

கொஞ்ச நாளில் எனக்கு ஒவ்வொரு செருப்பும் பழக்கமாகிவிட்டது. ஏழாம் அறையில் வெள்ளைப் பூ வைத்தது. இருபத்திரண்டில் குதி உயர்ந்த ஒன்று, சனிக்கிழமைகளில் மட்டும் வெளியே போகும். மூன்றாம் வருடப் பிள்ளை ஒருத்தி என்னை ஏமாற்றப் பழைய சோடி ஒன்றை வாசலில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனாள். செருப்பின் மேல் படிந்திருந்த தூசியை வைத்தே பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்று, மாணவிகளின் தனிமைக்கு இடைஞ்சல் இல்லாத கண்காணிப்பு முறை என்று பத்து நிமிடம் விளங்கப்படுத்தினேன். ஆண்கள் விடுதியில் என்னைப்போல் வேலை பார்த்த ஐயா ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல விசயம்தான் மிஸ். ஆனா எங்கட பெடியளிட்ட இது சரிவராது. அவங்கள் நாலு பேருக்கும் சேத்தே ரெண்டு சோடிதான் இருக்கு" என்றார்.

என் கண்டுபிடிப்பின் பெருமை தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் எனக்கு வந்த ஒரு வருத்தத்தையும் சொல்லவேண்டும். சந்தையில் ஒரு பிள்ளை, "மிஸ், சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டால் நான் முதலில் குனிந்து அவளுடைய காலைப் பார்ப்பேன். பார்த்த பிறகுதான், "ஓ, பத்தொன்பதாம் அறை" என்று முகம் மலரும். பட்டமளிப்பு அன்று எல்லாரும் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு ஒருத்தியையும் தெரியவில்லை. யாரோ வேறு ஊர்ப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்வதுபோலச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

என்னுடைய அறைக் கதவில் ஒரு அறிவித்தலும் ஒட்டியிருந்தேன். சுகவீனம் என்றால் எழுத்தில் தரவேண்டும், பிற்பகல் நாலு மணிக்கு முன் தரவேண்டும், தலையிடி, தடிமன் போன்ற சிறு விடயங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கவேண்டாம். சோதனை எழுதுகிற காலம் நெருங்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தலையிடி வருவதைக் கண்டு எரிச்சலில் எழுதியது. கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடும் இழுத்திருந்தேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடுதி பாதிக்கு மேல் காலியாகிவிடும். பொங்கல் திங்கட்கிழமை. வெள்ளி பின்னேரமே பிள்ளைகள் பைகளோடு கிளம்பிவிட்டார்கள். எனக்கும் போக ஆசை. கடமை என்று நின்றேன், அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் நின்றேன். பதினாலாம் அறையில் மூன்று பேர் முள்ளியவளைப் பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். முதலாம் வருடம், நாயாற்றுப் பிள்ளை, வேதக்காரக் குடும்பம், தகப்பன் கடற்தொழில். அடுத்த கிழமை அவளுக்குச் சோதனை இருந்தது. இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணிறச் செருப்பு, இடது வார் அறுந்து, வலை பொத்துகிற நீல நூலால் தைத்தது.

சனி மாலை சுற்றுப் போனேன். பதினாலாம் அறை வாசலில் அந்த ஒரு சோடி சுவரோடு சேர்த்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். ஞாயிறு மாலையும் அதே சோடி, அதே இடம், ஒரு விரல்கூட அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாரும் ஊர் சுற்றுகிற நாளில் ஒரு பிள்ளை இரண்டு நாளாக வாசலைத் தாண்டாமல் படிக்கிறதே என்று அங்கேயே நின்று, போனை எடுத்து விடுதியின் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "பதினாலாம் அறையில் ஒரு மாணவி இரண்டு நாட்களாக எங்கும் செல்லாமல் கல்வி கற்கிறார். மற்றவர்களும் இவரைப் பின்பற்றுக." வற்றாப்பளையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கைதட்டுகிற படங்கள் வந்து விழுந்தன. நானும் எனக்கே ஒருமுறை கைதட்டியதுபோலத்தான் இருந்தது.

கன்ரீன் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போகச் செருப்பு வேண்டும். செருப்பு அசையாவிட்டால் பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடப் போகவில்லை என்று அர்த்தம். செருப்பைப் படித்துப் பட்டம் வாங்கியவள்போல் திரிந்த எனக்கு அந்த ஒரு வரி மட்டும் வாசிக்கத் தெரியவில்லை.

திங்கள் காலை விறாந்தையைக் கூட்டியிருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். பதினாலாம் அறை வாசலில் அந்தச் செருப்புக்கும் சுவருக்கும் இடையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. துப்புரவு இல்லை என்று பிள்ளையை ஏசத்தான் குனிந்தேன். குனிந்தபடியேதான் அந்த வாசிக்கத் தெரியாத வரி எனக்கு விளங்கியது.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தள்ளினேன், பூட்டியிருக்கவில்லை. பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது, உதடு வெடித்திருந்தது, கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். பக்கத்தில் வெறும் தண்ணீர்ப் போத்தல். போன் சார்ஜ் இல்லாமல் தலையணைக்குக் கீழே கிடந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மிஸ், கடிதம் எழுத ஏலாமப் போச்சு" என்றாள்.

அறிவித்தலில் நான் இழுத்த அந்தச் சிவப்புக் கோடுகளை நினைத்து அழுதேன். அழுதுகொண்டே கத்தினேன், கேற்றடியில் நின்ற செக்கியூரிட்டி அக்கா ஓடிவந்தார். ஓட்டோக்காரர் எல்லாரும் வற்றாப்பளைக்குச் சனம் ஏற்றப் போய்விட்டார்கள். அம்புலன்ஸுக்கு எடுத்தால் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். கன்ரீனுக்கு மரக்கறி இறக்க வந்த சின்ன லொறிதான் நின்றது. பூசணிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நான் இருந்தேன், என் மடியில் அவள் தலை. நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசிய வாய் வழிநெடுக, "பிள்ளை, கண்ணைத் திற பிள்ளை" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம் பெண். டெங்கு என்றார், பிளேட்லெட் என்கிற குருதிச் சிறுதட்டு மிகவும் குறைந்திருக்கிறது என்றார், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். பிறகு, "எத்தினை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

"கடைசியா எப்ப சாப்பிட்டவா?"

அதுவும் தெரியவில்லை. பக்கத்தில் அட்டை எழுத நின்ற தாதி, "பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

"பதினாலாம் அறை" என்றேன்.

தாதி பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"விடுதியில பொறுப்பா இருக்கிறனான்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் எதையும் சொன்னதில்லை.

செக்கியூரிட்டி அக்காவுக்குப் போன் எடுத்து, கொப்பியைத் திறந்து பதினாலாம் அறையில் இருக்கிற நாலு பெயரையும் வாசிக்கச் சொன்னேன். அக்கா கொப்பியைத் திறக்கவே இல்லை. பிள்ளையின் முழுப் பெயர், தகப்பனின் பெயர், தாயின் போன் நம்பர், பிள்ளைக்கு இறால் ஒத்துவராது என்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போகேக்க வரேக்க கதைக்கிறதுதானே மிஸ்" என்றார்.

ரூம் தோழிகளில் ஒருத்திக்கு எடுத்தேன். அவள் கோயில் வீதியில் நின்றாள், பறைச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாக இருந்தது. "வெள்ளிக்கிழமையே லேசாக் காய்ச்சல் காஞ்சது மிஸ். நேற்றுப் பின்னேரம் எடுத்துப் பாக்கலாமெண்டு இருந்தனாங்கள். நீங்கள் படிக்கிறா எண்டு போட்டதைப் பாத்திட்டு, மாறீட்டுதாக்கும் எண்டு விட்டிட்டம்."

நான் கவனிக்காதது ஒன்று. கவனித்திருக்கக் கூடியவர்களையும் நானே கைதட்ட வைத்து அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானம் தாய் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். மெலிந்த மனிசி, கழுத்தில் செபமாலை, வந்த வேகத்தில் செருப்பை வாட் வாசலிலேயே கழற்றிவிட்டார். பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அந்தக் கைகளிலிருந்து என் கைகளை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு இரவும் இரண்டு பகலும் சிறுதட்டின் கணக்கு இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை இரத்தம் எடுத்துக்கொண்டு போகும்போதும் தாய் செபமாலையை உருட்டுவார், நான் எனக்குத் தெரிந்த அம்மனையெல்லாம் கூப்பிடுவேன். புதன்கிழமைதான் கணக்கு ஏறத் தொடங்கியது. டொக்டர் சிரித்தபோது நான் தாயைவிடப் பலமாக அழுதேன், தாதி வந்து சத்தம் போடவேண்டாம் என்றார்.

வியாழன் மாலை பிள்ளை தலையணையில் சாய்ந்து இருந்தாள். தாய் சுடுதண்ணி எடுக்கப் போத்தலோடு போயிருந்தார். கட்டிலடியில் நானும் அவளும் மட்டும். நான் கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, கதவடியில ஆராவது போகேக்க கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டனான் மிஸ்" என்றாள். "சத்தம் வரேல்லைப் போல. நீங்கள் ரெண்டு நாளும் வந்து நிண்டனீங்கள். கதவுக்குக் கீழால உங்கட நிழல் தெரிஞ்சது. ஞாயிற்றுக்கிழமை கனநேரம் நிண்டனீங்கள். இந்தா தட்டப்போறா எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்தக் கனநேரம் நான் எதற்காக நின்றேன் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய போனுக்கு இன்னும் சார்ஜ் ஏற்றவில்லை.

தாய் சுடுதண்ணியோடு வந்து தேத்தண்ணி ஊற்றினார். முதல் கோப்பை பிள்ளைக்குத்தான் என்று நினைத்தேன். அதை என்னிடம் நீட்டினார்.

"முதல் மிஸ் குடிக்கட்டும். என்ர பிள்ளையைப் பாத்துக் காப்பாத்தித் தந்தவா."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி வாங்கி, அந்தத் தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்தேன்.