கோட்டை பிடிக்காத பெண்

கேரளக் கடற்கரையில் இருக்கும் ஒரு பழைய கோட்டைக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். எந்தக் கோட்டை என்று சொன்னால் ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. எங்கள் ராயப்பன்பட்டியில் அதற்கென்றே சிலர் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார்கள்.

போனது ஊர் சுற்ற அல்ல, என்னைப் பெண் பார்க்க. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பழனிசெட்டிபட்டி, வேலை அந்தக் கடற்கரை ஊரில். அங்கேயே குடியிருக்கும் என் அத்தைதான் வரன் கொண்டுவந்தார். வீட்டுக்கு வரவழைத்துச் சரிப்படாமல் போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு குடும்பமும் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி ஒரு நாடகம். பஜ்ஜியும் கிடையாது, சொஜ்ஜியும் கிடையாது.

இடத்தைக் கேட்டதும் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. கடலோரமாகச் சமதளமான நடைபாதை, வழியில் பழைய பீரங்கி மேடைகள், கடைசியில் கோட்டை. சின்ன வயதில் டிராக்டரில் இருந்து விழுந்ததில் எனக்கு இடது கால் கொஞ்சம் கட்டை. சமதளத்தில் மெல்ல நடந்தால் தெரியாது, படி ஏறினால் தெரிந்துவிடும். அண்ணன் என்னைத் தேனிக்குக் கூட்டிப்போய், இடது செருப்புக்குள் மட்டும் ஒரு தட்டு வைத்துத் தைத்து வாங்கிக் கொடுத்தார். குமுளி மலையில் கார் ஏறும்போது அம்மா மறுபடியும் ஆரம்பித்தார்.

“ஆத்தா, அவுக என்ன சொன்னாலும் படி மட்டும் ஏறிராத. தலை வலிக்குதுன்னு சொல்லிரு.”

“கல்யாணத்துக்கு அப்புறமும் தலைவலிதானாம்மா?”

“அத அப்புறம் பாத்துக்கலாம். வாய மூடிக்கிட்டு வா.”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். டச்சுக்காரர்கள், போர்ச்சுகீசியர்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் கோட்டை வரைந்திருக்கிறேனே தவிர, ஒரு பீரங்கியையும் பக்கத்தில் பார்த்ததில்லை. முதல் மேடையில் துருப்பிடித்த பீரங்கி ஒன்று கடலைப் பார்த்துக் கிடந்தது. ஓடிப்போய்த் தொட வேண்டும் போல இருந்தது. மேலே போகச் சில படிகள்தான்.

பெரியவர்கள் வேண்டுமென்றே பின்தங்கிவிட, மாப்பிள்ளையும் நானும் முன்னால் நடந்தோம். அவர் கொஞ்சமும் அவசரப்படாமல் நடந்தார்.

“நீங்க ஹிஸ்டரி டீச்சர்ல? மேல போய்ப் பாப்பமா? பிடிச்சு ஏறக் கம்பி போட்டிருக்காக.”

“வேணாங்க. வெயிலு. தலை வலிக்குது.”

உடனே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். அடுத்த மேடையிலும் கேட்டார்.

“பழைய கல்லுதான? அதுல பாக்க என்ன இருக்கு?” என்றேன். வரலாற்று டீச்சர் பேசுகிற பேச்சா அது?

அவர் கோபப்படவில்லை. “அத்தன பீரங்கியும் கடலப் பாத்து வச்சிருக்காக. எதிரி பின்னால ரோட்டு வழியா வந்து கோட்டையப் பிடிச்சுட்டாகளாம்” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கோட்டைக்குள் மற்றவர்கள் மதில்மேல் ஏறப் போனார்கள். நான் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தனியாக விட மனமில்லாமல் அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒங்களுக்கு இதுல சம்மதந்தானா?” என்று கேட்டார். அம்மா மதில்மேல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல என்ன சொல்றாகளோ அதுதாங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, ஒத்துவரவில்லை என்று செய்தி வந்தது. “பொண்ணு பாத்த விசயம் ஊருக்குள்ள தெரியாமப் போச்சு. அதுவரைக்கும் நல்லது” என்றார் அம்மா. என் காலை எப்படியோ கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

மறு வருடம் திருவிழாவுக்கு அத்தை வந்திருந்தார். அதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. சாப்பிடும்போது பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

“என்னமோ, காலப் பாத்துட்டுத்தான் வேணாம்னுட்டாக” என்றார் அம்மா.

“கால் விசயத்த நான் மொத நாளே சொல்லிட்டேனே. அதுனாலதான் ஏத்தமில்லாத எடமாப் பாத்து மாப்பிள்ளையே சொன்னாக” என்றார் அத்தை.

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “பெறகு ஏன் வேணாம்னாக?”

“அவுக எங்க வேணாம்னாக? ‘பொண்ணுக்குக் கோட்டையும் பிடிக்கல, என்னையும் பிடிக்கல. வீட்டுல சொல்லித்தான் வந்திருக்காக போல. கட்டாயப்படுத்தாதீங்க’ன்னு சொன்னாக. சரி, ஒங்க மனசு கஷ்டப்படும்னுதான் நான் ஒத்துவரலன்னு மட்டும் சொன்னேன்.”

அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தவர் அவர் ஒருவர்தான். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவரிடம் போய்த்தான் அத்தனை பொய்யும் சொன்னேன்.