கோணங்கிக்கு நூறு

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கணினித் திரையின் குறுக்கே தையல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கிறார் கோட்டக்கா. நூல் வீட்டுக்காரருடையது, அவர் தையல்காரர். "கம்ப்யூட்டர் கண்ணக் கட்டும், நூல் கட்டாது" என்பார். இருபது வருடமாக அளவை அலுவலகத்தில் கோடு போடும் கைக்கு இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

லேசர் கருவி ஒரு கட்டடத்தையே கோடிக்கணக்கான புள்ளிகளாக அள்ளிவந்து விடும். திரையில் அது கொட்டிவைத்த மணல்தான். அதில் சுவரோரம் எது, கூரை விளிம்பு எது என்று கண்டுபிடித்துக் கோடு இழுப்பது அக்காவின் வேலை. அதைத் தானாகவே செய்ய மூன்று மென்பொருள்கள் வந்து இறங்கின. ஒப்பிட்டு மதிப்பெண் போடச் சொல்லி அக்காவிடமே கொடுத்தார் மேலாளர். அக்கா போன மாதம் வரைந்த நூலகம்தான் பரீட்சை. அவர் கோடுதான் சரியான விடை. ஒன்றை வாங்கியதும் அக்காவுக்கு ஃபைல் ரூமில் நாற்காலி. என்ன கொழுப்பு பாருங்கள்!

அவற்றுக்கு அக்கா வைத்த பெயர்கள் அவசரக்குடுக்கை, சமர்த்து, கோணங்கி. முதல் இரண்டும் அக்காவின் கோட்டோடு ஒட்டிக்கொண்டன. கோணங்கி மட்டும் வடக்குச் சுவரின் நடுவில் வளைந்தது.

"இதத் தூக்கிப் போடுங்க. சமர்த்தையே வாங்கிடலாம்," என்றார் மேலாளர்.

அக்கா மறுபடி ஓட்டினார். அதே இடம், அதே வளைவு.

"கோணினாலும் ஒரே மாதிரி கோணுது சார். என்னமோ இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

பக்கத்து மேசையிலிருந்த நானும் கூடப் போனேன். நூலகத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே, நூலின் ஒரு முனையைப் பிடித்தபடி நான், மறுமுனையில் அக்கா. நடுவே சுவர் தொப்பை போட்டு, நூலை நான்கு விரல் வெளியே தள்ளியது. உள்ளே அதே சுவரில் முதுகைச் சாய்த்துப் பதினைந்து பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"புஸ்தகத்த அப்பறம் படிக்கலாம், எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினார் அக்கா. அந்த அமைதியான கூடத்தில் அப்படியொரு குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா போன் போட்டதும் ஓடிவந்த கட்டடப் பொறியாளர், "இன்னொரு பெரிய மழை பெஞ்சிருந்தா அவ்வளவுதான்," என்று கூடத்தைப் பூட்டினார். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. மேலாளர் அசடு வழிந்தார். "கோணங்கியையே வாங்கிடலாம். ஆனா அதோட பக்கத்துல நீங்கதான் உக்காரணும்."

"உக்காராம? செவுருன்னா நேராத்தான இருக்கும்னு நானே கண்ண மூடிட்டு இழுத்திருக்கேன் சார்!"

அக்கா மதிப்பெண் தாளை எடுத்தார். கோணங்கிக்கு நூறு போட்டார். அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி சேர்த்து, 'அக்கா' என்று எழுதி, சிவப்பு மையால் தனக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தார்.