மாப்பிள்ளை என்றொரு பட்டப்பெயர்

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் அளவெடுக்கிறார் எங்கள் தெருத் தையல்காரர். எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. துணி ஓரத்தில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் அந்த ஊசிகளுக்கு நடுவிலேயே பேச்சு வரும். “தொந்தி வளருது பாய், டேப்பு வளரமாட்டேங்குதே.”

பள்ளிவாசல் திருப்பத்தில், அவர் கடைக்கு நேரெதிரே, கம்பம் நட்டுக் கேமரா வைத்தார்கள். பக்கத்துத் தெருக்களில் அப்படி எதுவும் இல்லை. அதற்குப் பெயர் வைத்தவர் இவர்தான்.

“ஒரு வேலையும் செய்யாம உசரத்துல உக்காந்திருக்கு. அதைப் பாத்தா நம்ம பொம்பளைங்க முக்காட்டை இழுத்து விட்டுக்குறாங்க. மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?”

தெருவே சிரித்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. “மாப்பிள்ளை முறைக்கிறாரு” என்று சொல்லி, மாடியில் துணி உலர்த்துவதைப் பெண்கள் விட்டுவிட்டார்கள்.

கம்பத்தடியில் வண்டி நின்றால் போலீஸ் வந்து விசாரிக்கும். அதனால் லைனிங் துணி ஏற்றி வந்த தன் தம்பிக்கு ஒருநாள் போன் செய்தார் தையல்காரர். “மாப்பிள்ளை முழிச்சிருக்காரு. சரக்கைப் பின்வாசல் வழியா கொண்டா.”

போலீஸ் அதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருந்தது; இருவரையும் பிடித்துப்போய் ஸ்டேஷனில் அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். மாப்பிள்ளை யார், எந்த இயக்கம், சரக்கு என்ன என்று கேட்டார்கள். இவர் அதிகாரியைத் தெருவுக்கே அழைத்து வந்து துணிக்கட்டுகளைப் பிரித்துக் காட்டினார். பிறகு கம்பத்தைக் காட்டினார்.

“அதுதாங்க சார் மாப்பிள்ளை.”

“நக்கலா?” என்றார் அதிகாரி.

அண்ணனை விட்டுவிட்டார்கள். வண்டி தம்பி பெயரில் இருந்தது. வழக்கு வாய்தாவிலேயே நகர்கிறது. தம்பி உள்ளே இருக்கிறார். சிறைக்குப் போய்ப் பார்க்கும்போதும் அண்ணனுக்குப் பேச்சு வருவதில்லையாம். “நீ ஏண்ணே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, நாந்தானே உள்ள இருக்கேன்” என்று தம்பிதான் கேலி செய்கிறாராம்.

இப்போது வேலை இல்லாத நேரத்திலும் அவர் உதட்டில் ஊசி இருக்கிறது. யாராவது நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

நேற்று சட்டை வாங்கப் போயிருந்தேன். தம்பியின் மகள் கடை வாசலில் வெட்டுத்துணிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, கம்பத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“பெரியத்தா, மாப்பிள்ளை நம்மளையே பாக்குறாரு.”

மெஷினை அப்படியே விட்டு எழுந்து வந்து, அவள் வாயைப் பொத்தினார். கையை எடுத்தபோது குழந்தையின் உதட்டைச் சுற்றி வெள்ளையாகச் சாக்குக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது.