கருநீலக் காரில் வரும் தங்கை

பழைய கார் ஒன்றை வாங்கப் போன அன்று பெயிண்டர் அதை இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பக்கவாட்டில் பார்த்தார். கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டினார். விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்டார். எங்கேயாவது அடிபட்டு, பட்டி வைத்து, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்களா என்று தன் இருபத்தெட்டு வருட அனுபவத்தை மொத்தமாக அந்தக் கருநீலத்தின் மேல் இறக்கினார். எங்கும் இல்லை. கம்பெனியில் அடித்த வண்ணம், பத்து வருடம் கழித்தும் முகம் பார்க்கலாம் போலிருந்தது. "சுத்தமான வண்டி" என்று தீர்ப்புச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டார். பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மனிதருக்குத் தோன்றவே இல்லை. அவர் வீடு பார்க்கப் போனாலும் சுவரைத்தான் பார்ப்பார். கூரை இருக்கிறதா என்று மனைவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆசைக்கு வாங்கிய கார் அல்ல அது. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒடுங்கி, மொபெட்டின் பின்சீட்டிலேயே அவர் மனைவி பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது முழங்கால் தேய்ந்து, பஸ் படி ஏற முடியவில்லை. நாலு மணி நேரப் பயணத் தொலைவில் அவளுடைய அக்கா இருந்தாள். தாய் இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்த அக்கா. அந்த அக்காவுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தது. தன் முகம் நழுவுவதற்குள் ஒருமுறை போய் எதிரில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"அக்கா, கார் வாங்கிட்டோம். கருநீலக் கார். வாசல்ல வந்து நிக்கும். நீ ஜன்னல்ல இருந்து பாரு" என்று போனில் சொன்னாள். மறந்துவிடக் கூடாதே என்று, பேசும்போதெல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை, காருக்கு அடியில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, சாவு வீட்டுக்கு வந்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அண்ணே, விக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினை நல்லாக் கழுவி விட்டிருக்காங்க. அதான் கசிவு தெரியல. இந்த மாதிரி சொகுசு வண்டியில இது சகஜம்ணே. பத்து வருசத்துல ரப்பரெல்லாம் பிஸ்கெட் மாதிரி ஆயிடும்."

ஈரச் சுவரின் மேல் வண்ணம் அடித்து ஏமாற்றுகிறவர்களைப் பெயிண்டர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அன்று அவர் குனிந்து, தேங்கிய எண்ணெயை ஒரு பழைய துணியால் துடைத்தார்.

அந்த ரப்பர் வளையம் என்னவோ அற்ப விலைதான். அதை எட்டுவதற்கு முக்கால்வாசி இன்ஜினைக் கழற்ற வேண்டுமாம். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். பெயிண்டருக்கு எந்தச் செலவையும் சுவரில் வைத்துத்தான் பார்க்கத் தெரியும். இது இரண்டு படுக்கையறை, ஒரு ஹால் அடிக்கிற கூலி. சரி என்றார்.

அது முடிந்து வந்த வாரம், இன்ஜின் கொதித்தது. தண்ணீர் பம்பின் உறை பிளாஸ்டிக்காம், வெடித்துவிட்டதாம். ஒரு பள்ளிக்கூட வராந்தா போயிற்று. பிறகு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து ஒரு சென்சாரை மாற்றினார்கள். நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் அதே விளக்கு அதே இடத்தில் எரிந்தது. கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதைதான். ஒரு பூதத்துக்குப் படி அளந்து அனுப்பினால், அதன் தம்பி வந்து நின்றது.

"வாடகைக் கார் எடுத்துட்டுப் போயிடலாமே" என்றாள் மனைவி.

"இவ்வளவு செலவு பண்ணி வாசல்ல சொந்தக் கார் நிக்குது, வாடகைக் காரா? பொறு. இதோட சரியாயிடும்."

இதைத்தான் அவர் நாலு மாதம் சொன்னார். புலி வாலைப் பிடித்தவனிடம் விடு என்று சொன்னால் அவன் எப்படி விடுவான்? மனைவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம்.

ஐந்தாம் மாதம் கியர் மாறும்போது வண்டி குதிக்க ஆரம்பித்தது. கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார் மெக்கானிக். தொகையைக் கேட்ட பெயிண்டர் கணக்குப் போட்டார். ஐந்து மாடிக் கட்டடம், வெளிப்பக்கம், நாலு புறமும். சாரத்தில் தொங்கி ஒரு வருடம் அடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா நேத்து என்னையே யாருன்னு கேட்டாங்க. சீக்கிரம் வாங்க சித்தி."

மறுநாள் விடியும்போதே வாடகைக் கார் வந்தது. வெள்ளை நிறம், கதவில் நசுங்கல், அதன் மேல் கோணல்மாணலாக வேறொரு வெள்ளை. பெயிண்டர் அதைப் பார்க்கவில்லை. வாடகை எவ்வளவு என்று கேட்டார். அந்த ஒரு சென்சாரின் விலைகூட இல்லை.

அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாரிய தலை, துவைத்த புடவை. மனைவி வலியோடு குனிந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, வந்துட்டேன்க்கா."

அக்கா மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "உக்காருங்கம்மா. என் தங்கச்சி வர்ற நேரம். கார் வாங்கியிருக்கா."

"நான்தான்க்கா உன் தங்கச்சி. பாரு, கார்லதான் வந்திருக்கேன்."

அக்கா எட்டி வாசலைப் பார்த்தாள். வெள்ளைக் காரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, ஏமாற்ற வந்தவளை மன்னிக்கிற மாதிரி சிரித்தாள். "இல்லம்மா. அவளோடது கருநீலம்."

பெயிண்டரும் வாசலைப் பார்த்தார். ஓடிப்போய் அந்த வெள்ளைக் காருக்குக் கருநீலம் அடித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவமானத்தில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவளும் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

"கார் ரிப்பேருக்குப் போயிருக்குதும்மா. வந்துடுவா" என்றாள்.