நுஹாத்தின் கறுப்புத் திரை

ஐந்து ஆம்பியர். லெபனானில், திரிபோலியின் அல்-மீனா பகுதியில் உள்ள அந்த டயாலிசிஸ் நிலையத்தின் பதிவறைக்கு ஜெனரேட்டர்காரர் விட்டிருக்கும் மின்சாரம் அவ்வளவுதான். இயந்திரங்களுக்குத் தனி இணைப்பு உண்டு. பதிவறை தாங்குவது ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி, ஒரு விளக்கு. பதிவாளர் நுஹாத் தப்பூசிக்கு வயது ஐம்பத்தொன்று. பதினொரு வருடமாக அங்கே வேலை. கெட்டில் மாட்டக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தலைமைச் செவிலி ஹியாம் அங்கே கெட்டிலை மாட்டினார். அறை இருண்டது.

"அரசாங்கக் கரண்டு வந்துடுச்சுன்னு நெனச்சேன்டி."

"இந்த ஊர்ல நெனச்சதெல்லாம் நடந்திருந்தா நாம இங்கயா இருப்போம்?"

கெட்டிலைக் கழற்றி, விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டதும் கணினி உயிர்பெற்றது. நுஹாத் கடவுச்சொல்லைத் தட்டினார். திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது. மூன்று முறை அப்படியே. ஏன் என்று சொல்லவில்லை.

வெளியே ஏழு மணி ஷிப்டின் நோயாளிகள் பதினாறு பேர். இந்தக் கணினியிலிருந்து ஆளுக்கொரு தாள் வேண்டும்: போன முறை எடை என்ன, இன்று உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம். தாள் இல்லாமல் ஹியாம் யாரையும் இயந்திரத்தில் போடமாட்டார். அளவு தப்பினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அவர்களில் ஒருவரான முதியவர் அபூ ஸுஹைர் சாலை மறியலால் சனிக்கிழமை முறைக்கு வரவில்லை. கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"என்னம்மா நுஹாத், உன் பெட்டிக்கும் கிட்னி போச்சா?"

"ஹாஜி, மூச்ச மிச்சப்படுத்துங்க."

அந்தக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவர் கணினி வேலை தெரிந்த கஸ்ஸான். வசந்த காலத்தில் அவர் மாண்ட்ரியலுக்குப் போய்விட்டார். போகும்போது நாற்பது பக்கத்துக்குக் கணினித் திரையின் படங்களை அச்சடித்து, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அம்புக்குறி போட்டுத் தந்தார். ஜூனில் ஒரு அப்டேட் வந்தது. பொத்தான்கள் இடம் மாறின. நாற்பது பக்கமும் குப்பை.

அன்றிலிருந்து நுஹாத், பொத்தானுக்குப் பதிலாகத் தட்டச்சு செய்யும் எழுத்துக் கட்டளைகளைப் படிக்க ஆரம்பித்தார். பள்ளி நோட்டில் இரண்டு பக்கம். "மந்திரம் ஓதுறியா?" என்று ஹியாம் கிண்டலடித்தார். நுஹாத் சொன்ன பதில் இது: "பொத்தான் எங்க ஒளிஞ்சிருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் பொத்தான். நான் புதுசு. எழுத்துன்னா போன்ல படிச்சுக் காட்டலாம், நோட்டுல எழுதி வெச்சுக்கலாம். தப்பு பண்ணா அதுவே என்ன தப்புன்னு சொல்லும்."

இப்போது மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினார். படங்கள் மறைந்து கறுப்புத் திரை வந்தது. பெயர், கடவுச்சொல். உள்ளே விட்டது. வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று கேட்க, டி, எஃப் என்று இரண்டே எழுத்தைத் தட்டினார். வரிசையாக எண்கள். கஸ்ஸானை அழைத்தார். தூக்கக் குரல் கேட்டது.

"என்ன எழுதியிருக்கு? அப்படியே படி."

"நூறு சதவீதம்."

"வட்டு ரொம்பிடுச்சு, அதான் படத் திரை உள்ள விடல. தினமும் நோயாளிப் பட்டியலுக்கு ஒரு நகல் எடுக்குதுல்ல, அதுங்கதான். பழைய வருஷத்த அழி. ஆனா அழிக்கறதுக்கு முன்னால..."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணியே போகவில்லை.

கறுப்புத் திரையில் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் போனதுதான். 

"அழிச்சுத் தொலை, மணி ஏழு பத்து!" என்றார் ஹியாம்.

"தப்பா அழிச்சா பதினாறு பேர் இல்லடி, எழுபது பேரோட கணக்கு போகும்."

அழிக்கும் சொல்லுக்குப் பதிலாக, பட்டியலிட்டுக் காட்டும் சொல்லை முதலில் போட்டார். திரையில் வந்த தேதிகளை விரல் வைத்துப் படித்தார்.  எல்லாம் இந்த வருடத்து நகல்கள். வருடத்தின் கடைசி இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தார். திருத்தி மறுபடி கேட்டார். இப்போது மூன்று வருடம் பழையவை மட்டும். இரண்டு முறை படித்தார். பிறகு அதே வரியில் முதல் சொல்லை மட்டும் மாற்றினார். அமுக்கினார்.

திரை எதுவுமே சொல்லவில்லை.

"என்னடி, பதிலக் காணோம்?"

"பேசலன்னா வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"என் வீட்டுக்காரரு பேசாம இருந்தா வேலயே தொடங்கலன்னு அர்த்தம்."

நுஹாத் விசைப்பலகைக்குத் திரும்பினார். மறுபடி அதே இரண்டு எழுத்து: அறுபத்தொரு சதவீதம். படத் திரைக்குத் திரும்ப அவர் முயலவே இல்லை. இன்றைய தாள்கள் அத்தனையையும் அச்சிடச் சொல்லி ஒரே வரி தட்டினார். அச்சுப்பொறி நீண்ட நேரம் உறுமியது. முதல் தாள் வந்தது. ஹியாம் எண்ணினார்: பதினாறு.

ஏழு நாற்பதுக்கு அபூ ஸுஹைரை மூன்றாம் எண் இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். எடுக்க வேண்டிய நீர் மூன்றரை லிட்டர். நான்கு மணி நேரம் ஆகும்.