மாப்பிள்ளை மீன்

எண்பதுகளில் நாங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே எதன்மேல் வெள்ளையாகப் படிந்தாலும் அனல்மின் நிலையச் சாம்பல் என்றுதான் சொல்வோம். எங்கள் தொட்டியில் இருந்த இரண்டு தங்கமீன்களில் ஒன்றின் செவுளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். மீனைப் பிடித்து விரலால் துடைத்துக்கூடப் பார்த்தேன். போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ, இது நோவுடி! எங்க வூட்டுல இப்படித்தான் மொத்தமும் செத்துப்போச்சு. இதைத் தூக்கிக் கொட்டிடு, இன்னொண்ணாவது பொழைக்கும்." சொல்லிக்கொண்டே மீனை மொள்ளப் பக்கத்திலிருந்த குவளையைத் தொட்டிக்குள் விட்டார்.

நான் யாரையும் எதிர்த்துப் பேசாதவள். ஆனால் குனிந்து பார்த்தபோது, உடம்பிலும் வாலிலும் ஒரு புள்ளிகூட இல்லை. செவுளிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாக இருந்தன. மீனும் சோர்ந்து கிடக்காமல் மற்றதை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது.

"வேணாம்க்கா. இது நோவு இல்லை."

"மீன் டாக்டராயிட்டியா நீ?"

"அப்படியே வெச்சுக்குங்க. குவளையை எடுங்க" என்றேன்.

சில நாளில் தொட்டிப் பாசியில் கடுகளவு முட்டைகள் ஒட்டியிருந்தன. இணை சேரும் பருவத்தில் ஆண்மீனுக்கு அப்படிப் புள்ளி வரும் என்று மீன் விற்றவர் பிறகு சொன்னார்.

"மாப்பிள்ளையையே கொட்டப் பாத்தேனே!" என்று அக்கா சிரித்தார்.

இன்றும் நாலு பேர் நடுவில் பேசக் கூச்சம்தான். ஆனால் கண்ணால் பார்த்து உறுதியானதைச் சொல்லாமல் விழுங்குவதில்லை.