கோட்டுக்குக் குறையாமல்

மருந்து கலக்குகிற தொழிலில் கை கசக்கும். நியாயம் பேசினால் வாயும் கசக்கும். கிராமப் பயிற்சிக்கு என்று மூட்டை கட்டிப் போனவர்களே, உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதிதில், காரைக்காலுக்குத் தெற்கே கடலோரத்து அரசு மருந்தகம் ஒன்றில் நானும் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்த டாக்டர் என் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குக் கம்பவுண்டர் வேலை.

ஆறு பேருக்கு ஆறு கோடு

அப்போதெல்லாம் பாட்டிலை நோயாளியே கொண்டுவர வேண்டும். மருந்தை ஊற்றி, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டில்மேல் நெடுக்காக ஒட்டித் தருவோம். ஒரு வெட்டு ஒரு வேளைக்கு. ஊரில் அதற்குக் கோடு என்று பேர்.

பக்கத்து மீனவர் குப்பமான பட்டினச்சேரியில் மீன் விற்கும் செல்லம்மா அக்கா, காய்ச்சலில் கிடந்த புருஷனுக்காக ஆறு கோடு மருந்து வாங்கிப் போனார். மறுநாளே காலிப் பாட்டிலோடு வந்து நின்றார். மனுஷன் மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டாரா என்று பதறிக் கேட்டேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "வூட்டுல ஆறு பேரு, நீங்களும் ஆறு கோடு போட்டிருந்தீங்க. ஆளுக்கு ஒண்ணு குடிச்சோம் கம்பவுண்டரம்மா."

சிவப்புத் தண்ணீர்

கோடு காய்ச்சல்காரருக்கு மட்டும் என்று அன்றிலிருந்து ஜன்னலில் தொண்டை வற்றக் கத்தினேன். ஊரும் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த மழைக்காலத்தில் புதுச்சேரியிலிருந்து வரவேண்டிய சரக்கு வரவில்லை. காய்ச்சலோ வீட்டுக்கு வீடு.

டாக்டரை இன்னமும் பிரெஞ்சுக்காரர் பாணியில் 'முசே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். மருந்தைப் பாதியாக்கி, தண்ணீரும் சிவப்புச் சாயமும் சேர்க்கச் சொன்னார். கோடு மட்டும் குறையக் கூடாதாம். முடியாது என்றேன். கோட்டை வெட்டி ஒட்டுவது என் கை, அதை நம்பித்தான் அவர்கள் குடிக்கிறார்கள் என்றேன். அவர் முகம் கறுத்தது. "உன் தாள்ல கையெழுத்துப் போடப்போறது நான்மா, பட்டினச்சேரி இல்ல."

ரெண்டே கோடு

மறுநாள் அசல் மருந்தையே ஊற்றினேன், ஆளுக்கு ரெண்டே கோடு. இருப்பு இவ்வளவுதான், மிச்சத்தை டாக்டரிடம் கேளுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பயம் இல்லாமல் இல்லை. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. செல்லம்மா அக்கா டாக்டர் அறை வாசலில் மீன்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை முழுக்க உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் முசே ஜீப் ஏறிக் காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குப் போனார், சாயங்காலத்துக்குள் மருந்தோடு திரும்பினார்.

கையெழுத்து மட்டும் போடவில்லை. நான் மூட்டையோடு கிளம்பிய அன்று செல்லம்மா அக்கா வழிமறித்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். செதில் ஒட்டியிருந்த கட்டைவிரலை என் முன்னால் நீட்டினார். "அவரு போடலன்னா போவட்டும். தாளைக் குடுங்க, ஊரே ரேகை வச்சித் தரோம்."

ஊர் வைக்கும் ரேகை எந்த அலுவலகத்திலும் செல்லாது என்பதால் காரைக்காலுக்கு வடக்கே பூவத்து மருந்தகத்தில் முதலிலிருந்து பயிற்சி செய்தேன். அங்கேயும் கோட்டுக்குக் குறைத்து ஊற்றவில்லை.